உம்கேனி ஆத்துச் சேறு: அள்ளணுமா, விடணுமா?

தூண்டில்காரன்:
தென்னாப்பிரிக்கா டர்பன்ல, உம்கேனி ஆறு கடல்ல சேர்ற புளூ லகூன்ல முப்பது வருஷமா தூண்டில் போடுறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்துல டர்பன் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி சாக்கடை ஆத்துல கலந்தது எல்லாருக்கும் தெரியும். "குழாயைச் சரி பண்ணினா ஆறு தானா தெளிஞ்சிடும்"னு போன வாரம் இங்க ஒரு தம்பி எழுதியிருந்தார். எனக்கு ஒப்பில்லை. அடியில கிடக்கிற கறுப்புச் சேற்றை அள்ளாம ஒண்ணும் நடக்காது.

குழாய்ப்பக்கம்:
அந்தத் தம்பி நான்தான் அண்ணே. சேறு அது பாட்டுக்குக் கிடக்கு. மேலேருந்து வர்ற சாக்கடை நிக்கட்டும், நாலு கோடை மழையில மிச்சம் கடலுக்குப் போயிடும். அள்ளுற காசுக்கு எத்தனை பம்பு வாங்கலாம்!

பீனிக்ஸ் அக்கா:
அது பாட்டுக்குக் கிடக்குன்னா சொல்றீங்க? தண்ணி சோதனைக் கூடத்துல வேலை பார்த்தவ நான். சாக்கடையில வர்ற பாஸ்பேட், அதான் பாசியையும் களையையும் வளர்க்கிற உரச்சத்து, சேத்துல இருக்கிற இரும்புத் துருவோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆக்சிஜன் இருக்கிற வரைக்கும் அந்தப் பிடி விடாது. ஆக்சிஜன் தீர்ந்தா துரு கரையும், பாஸ்பேட் மேல வந்துடும். அம்மோனியாவும் நைட்ரேட்டா மாற வழியில்லாம அப்படியே சேரும். வெயில் காலத்துல கிருமிகள் ஆக்சிஜனை வேகமாத் தின்னும்; சூடான தண்ணியில அது கரையறதும் கம்மி. இங்க குளிர்காலமான ஜூலையில அடங்கிக் கிடக்கிற அதே சேறு, கோடையான ஜனவரியில கக்கும்.

போன கோடையில ரெண்டு அச்சார் பாட்டில்ல சேறும் ஆத்துத் தண்ணியும் ஊத்தி, ஒண்ணுல மீன்தொட்டிக் காத்து மோட்டாரைப் போட்டேன், இன்னொண்ணை இறுக்கி மூடினேன். மூணு வாரத்துல காத்து போன பாட்டில் சேத்து மேல பழுப்பா ஒரு ஆடை. மூடினது மேல வரைக்கும் கறுப்பு. திறந்தா அழுகின முட்டை நாத்தம். மீன்தொட்டிக் கடை பாஸ்பேட் சோதனைச் சொட்டு மருந்து விட்டா மூடினதுல கருநீலம், காத்து போனதுல வெளிர்நீலம்; நீலம் கூடக் கூட பாஸ்பேட் அதிகம். வீட்டுக்காரர் ரெண்டு நாள் சமையல்கட்டுப் பக்கமே வரல.

தூண்டில்காரன்:
பாத்தீங்களா! ஸ்வீடன்ல ட்ருமன் ஏரிக்குச் சாக்கடையை 1950கள்லயே நிறுத்தியும் தெளியல. 1970, 71ல மேல்சேறு ஒரு மீட்டர் அள்ளின பிறகுதான் தண்ணி தெளிஞ்சது.

குழாய்ப்பக்கம்:
அண்ணே, நீங்களே சொல்லிட்டீங்க, அங்க முதல்ல சாக்கடை நின்னுச்சு! இங்க இன்னும் வந்துகிட்டு இருக்கே. பிரிட்டோரியா பக்கத்து ஹார்ட்டீஸ் (ஹார்ட்பீஸ்போர்ட்) அணையையும் பாருங்க: ஜொஹானஸ்பர்க் கழிவு குரோக்கடைல் ஆறு வழியா வந்துகிட்டே இருக்கு, ஆகாயத்தாமரையை அள்ள அள்ள மறுபடி முளைக்குது. அதுவும் போக ஏரி வேற, முகத்துவாரம் வேற. ஏரிச்சேறு எங்கேயும் போகாது.

பீனிக்ஸ் அக்கா:
முகத்துவாரம்தான் இன்னும் மோசம் தம்பி. கடல்தண்ணி ஏறி வர்றப்போ சல்பேட்டும் வருது. ஆக்சிஜன் இல்லாத இடத்துல அது சல்பைடா மாறி இரும்பைப் பிடிச்சுக்கும். பாஸ்பேட்டுக்கு ஒட்டிக்க ஆளில்லை. அந்தக் கறுப்பு நிறமே இரும்பு சல்பைடு. ஆனா அண்ணே, உங்களுக்கும் முழு ஓட்டு இல்லை. கோடையில எந்திரம் விட்டுக் கலக்கினா சேத்துக்குள்ள ஊறிக் கிடக்கிறது எல்லாம் ஒரே நாள்ல மேல வந்து, மீன் மூச்சு முட்டிச் சாகும். குழாய் அடைச்ச பிறகு, குளிர்காலத்துல, கொஞ்சம் கொஞ்சமா அள்ளுங்க.

தூண்டில்காரன்:
குழாய் எப்ப அடைப்பாங்க அக்கா? அதுக்குள்ள என் தூண்டில் துருப்பிடிச்சிடும்.

குழாய்ப்பக்கம்:
துரு இருந்தா நல்லதுதான் அண்ணே, பாஸ்பேட் ஒட்டிக்கும் 😄 அக்கா, பாலத்தடிச் சேறு ஒரு பாட்டில் நான் கொண்டு வரவா?

பீனிக்ஸ் அக்கா:
கலக்காம எடுங்க, விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பி மூடுங்க. வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு வாங்க.