தம்பி காதில் பேசும் அந்த ஆள்

ஜெலுத்தோங் அக்கா:

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் காதில் குரல் நிற்கவில்லை, என்ன செய்வது என்று போன வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை அழித்துவிட்டேன். இன்றைக்கு எப்படியும் எழுதிவிடுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இப்போது 34 வயது. 22 வயதில், பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. ஏர்கானுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். தூக்கம் கெட்டதால் வந்தது என்று நினைத்தோம். அப்புறம் வீட்டில் காற்றாடியைக்கூடப் போட விடமாட்டான், அதற்குள்ளும் ஆள். 'இப்ப சட்டையைக் கழட்டுறான் பாரு, இப்ப குளிக்கப் போறான் பாரு' என்று பந்தாட்ட வர்ணனை மாதிரி ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருப்பானாம். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் 'அந்த ஆள்'. இன்று வரை அதுதான் பெயர்.

அம்மா முதலில் குறி கேட்கப் போனார். செய்வினை என்றார்கள். எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு, சேவல் என்று எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அப்போது எனக்கும் வேறு வழி தெரியாது. ஒருநாள் ராத்திரி, அந்த ஆள் நடக்கச் சொன்னான் என்று வீட்டைவிட்டு நடந்து, தஞ்சோங் தோக்கோங் கடலோரத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவனைப் போலீஸ்காரர்கள் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. சிசோஃபிரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள்.

ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். கை மரக்கட்டை மாதிரி விறைத்துப்போனது, கால் ஓர் இடத்தில் நிற்காது, விடிய விடிய ஹாலில் நடப்பான். அப்புறம் ஒலான்சபின். விறைப்பு போனது, 64 கிலோ 87 ஆனது. குரல் அப்படியேதான். ஒவ்வொரு தேதிக்கும் வேறு வேறு டாக்டர். 'இன்னும் கேட்குதா?' 'கொஞ்சம்.' 'சரி, அதே மருந்து, மூணு மாசம் கழிச்சு வாங்க.' ஐந்து வருஷம் இந்த மூன்று வரியிலேயே ஓடியது. அந்தக் 'கொஞ்சம்' பொய் என்று எங்களுக்கே பிறகுதான் தெரியும். டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் அம்மா செத்துவிடுவாள் என்று அந்த ஆள் மிரட்டி வைத்திருந்தானாம்.

ஆறாவது வருஷம் வந்த ஒரு பெண் டாக்டர்தான், என்ன சொல்கிறது, எத்தனை மணிக்குச் சொல்கிறது, சொன்னதைச் செய்யத் தோன்றுகிறதா, அதை எதிர்த்துப் பேச முடிகிறதா என்று உட்காரவைத்துக் கேட்டார். அவன் அழுதுவிட்டான். இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதுமான அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது விடாமல் போட்டும் பலன் இல்லையென்றால் க்ளோசபின் என்ற மருந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்தத் துறையில் ரொம்ப காலமாக இருக்கிற வழிமுறையாம். என் கோபம் இது ஒன்றுதான். ஐந்து வருஷத்தில் யாராவது ஒருவர் இந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நாங்கள் சும்மா இருந்ததுபோல் இருக்காதீர்கள்.

க்ளோசபின் சும்மா கொடுக்கிற மாத்திரை இல்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்களைச் சிலருக்குத் திடீரென்று இறக்கிவிடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, பிறகு மாதம் ஒரு தடவை. 12.5 மில்லிகிராமில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், இப்போது 350. ராத்திரி எச்சில் ஊற்றும், தலையணைமேல் துண்டைப் போட்டுத்தான் படுக்கிறான். காலையில் துண்டைப் பிழியலாம். தினமும் ஒரு துண்டு என்று கொடியில் ஏழு துண்டு காயும், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இது என்ன ஹோட்டலா என்று கேட்டார்.

ஏழாவது மாதம் ஒருநாள் ராத்திரிச் சாப்பாடு. அவன் எப்போதும் பக்கத்தில் ரேடியோவை அலற விட்டுத்தான் சாப்பிடுவான், மின்னல் எஃப்எம், பாட்டோ செய்தியோ எதுவானாலும் சரி, அந்த ஆளைவிடச் சத்தமாக இருந்தால் போதும். அன்றைக்கு அவனே எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, 'ரசத்துல உப்பில்லக்கா' என்றான். அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசி எத்தனை வருஷம்! அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த தைப்பூசத்துக்கு அத்தை அவனைத் தன் வீட்டில் வைத்து விரதம் இருக்கச் சொன்னார். தண்ணீர்மலை முருகன் கோயிலில் உறுமி மேளத்துக்கு நடுவே நின்றபோது அந்த ஆள் வாயே திறக்கவில்லையாம். முருகன் கண் திறந்துவிட்டான், இனி எதற்கு மாத்திரை என்று அத்தை வாங்கி வைத்துவிட்டார். நாலாம் நாள் எனக்குத் தெரிந்தது. 48 மணி நேரத்துக்குமேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே போடக் கூடாது, மறுபடி 12.5-இலிருந்து ஏற வேண்டும். மறுபடி தூக்கமில்லை, மறுபடி காற்றாடி. அத்தையோடு ஆறு மாதம் நான் பேசவில்லை. ஆனால் உறுமி விஷயம் பொய்யில்லை. வெளியே நிஜச் சத்தம் இருக்கும்போது மூளையில் கேட்கிற பகுதிக்கு வேறு வேலை வந்துவிடுகிறது, சிலருக்கு அப்போது குரல் அடங்கும் என்று பிறகு மனநல ஆலோசகர் சொன்னார். ரேடியோவும் அதே கணக்குத்தான்.

அந்த ஆலோசகர் கொடுத்த இன்னொரு வேலை, 555 புத்தகம். கடைக்காரர் கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம். எத்தனை மணி, அந்த ஆள் என்ன சொன்னான், அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய், பிறகு என்ன நடந்தது. 'வேலைக்குப் போனா அம்மா செத்துருவாங்கன்னான். போனேன். அம்மா டிவி பார்க்கிறாங்க.' இப்படி நாற்பது, ஐம்பது வரி சேர்ந்த பிறகு அவனுக்கே அந்த ஆள்மேல் மரியாதை குறைந்துவிட்டது. சொன்ன ஒன்றும் நடக்கவில்லையே. தனியாக இருக்கும்போதும், தூங்காத மறுநாளும், வீட்டில் சண்டை போட்ட ராத்திரியும் அவன் ஜாஸ்தி பேசுகிறான் என்பதும் அதிலிருந்துதான் தெரிந்தது. இன்னமும் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் வருவான். பக்கத்து வீட்டு டிவி மாதிரி கேட்கிறது என்கிறான்.

செந்தூல்காரன்:

அக்கா, நான் தம்பி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 41, மூன்று குரல், இரண்டு ஆண் ஒரு பெண், அந்தப் பெண்தான் மோசம். மாதம் ஒரு ஊசி. மாத்திரையை இரண்டு தடவை நானே நிறுத்தி இரண்டு தடவையும் வார்டில் கிடந்தவன், அதனால் ஊசிக்கு நானே ஒத்துக்கொண்டேன். தினமும் போடலாமா வேண்டாமா என்று மண்டைக்குள் நடக்கிற பஞ்சாயத்து மிச்சம்.

எனக்கு உதவினதைச் சொல்கிறேன். எல்ஆர்டி ரயிலில் போகும்போது அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவே முடியாது என்றால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சொல்வேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பெட்டியில் பாதிப் பேர் அப்படித்தானே கத்திக்கொண்டு வருகிறார்கள். வாய்க்குள் ஏதாவது பாட்டை முணுமுணுத்தாலும் குறையும், நாக்கும் உதடும் வேறு வேலையில் இருந்தால் அவர்களுக்கு இடம் கிடைக்காது போல. எல்லாவற்றையும்விட நேரம் கொடுப்பதுதான் எனக்குப் பலித்தது. 'இப்ப முடியாது, ராத்திரி எட்டரைக்கு வாங்க, பத்து நிமிஷம் கேட்கிறேன்.' முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உண்மையிலேயே பகலில் குறைந்தார்கள். எட்டரைக்கு உட்கார்ந்து கேட்பேன், எதைச் செய்யச் சொன்னாலும் செய்ய மாட்டேன், கேட்பது மட்டும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. நெதர்லாந்தில் மாரியஸ் ரோமெ என்ற மனநல டாக்டரிடம் பாட்ஸி ஹேக் என்ற பெண், கண்ணுக்குத் தெரியாத கடவுளை நீங்கள் நம்பும்போது நான் கேட்கிற குரலை ஏன் நம்பக் கூடாது என்கிற மாதிரிக் கேட்டாராம். இரண்டு பேரும் 1987-இல் டிவியில் பேசினார்கள். எனக்கும் கேட்கிறது என்று நூற்றுக்கணக்கானவர்கள் போன் செய்தார்கள், அதில் பலர் டாக்டரிடமே போகாமல் குரலோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள். குரல் கேட்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற குழுக்கள் அதிலிருந்துதான் பல நாடுகளில் வந்தன. அங்கே சிலர் மருந்தே வேண்டாம் என்பார்கள், எனக்கு அது ஒத்துவராது, என் வார்டு எனக்குத் தெரியும். ஆனால் 'கேட்காதே, அது நிஜமில்லை' என்று பதினைந்து வருஷம் எல்லாரும் சொன்னதைவிட, 'சரி, என்ன சொல்லுது?' என்று ஒருத்தர் கேட்டது எனக்கு நல்லது செய்தது.

லண்டனில் ஒன்று செய்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குரலுக்கு ஒரு முகத்தைக் கம்ப்யூட்டரில் நாமே வரைய வேண்டும், ஆலோசகர் அந்த முகத்துக்குள்ளிருந்து அந்தக் குரலில் நம்மைத் திட்டுவார், நாம் எதிர்த்துப் பேசிப் பழக வேண்டும். அவதார் சிகிச்சை என்று பெயர், ஜூலியன் லெஃப் தொடங்கியது. 150 பேரிடம் செய்துபார்த்ததில் 12 வாரத்தில் சாதாரண ஆலோசனையைவிட நன்றாகக் குறைந்தது. 24-ஆவது வாரத்தில் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது, மற்றவர்களும் தேறியிருந்தார்கள். எனக்குக் கேட்கிற அந்தப் பெண் குரலுக்கு நான் முகம் வரைந்தால் என் பழைய கணக்கு டீச்சர்தான் வருவார், அதனால் யோசனையாக இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம் மகள்:

சிரித்துவிட்டேன் அண்ணே, மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 67. அவருக்குக் கேட்பது செத்துப்போன மாமியார், அதாவது என் அப்பாயி. 'வாசல் தெளிச்சியா, பானையைக் கவுத்தியா' என்று காலை ஐந்து மணிக்கே அதிகாரம். அம்மா 'தோ ஆச்சுங்கத்தை' என்று பதில் சொல்லிக்கொண்டே பெருக்குவார். உயிரோடு இருந்தபோது இருவருக்கும் ஆகாது, இப்போது ஒரு மாதிரி ராசி.

சென்னை, கானாவின் ஆக்ரா, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மூன்று இடத்திலும் இருபது இருபது பேரிடம் தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர் பேசிப் பார்த்திருக்கிறார். அமெரிக்கர்களுக்கு முகம் தெரியாத யாரோ ரத்தம், சண்டை என்று பேச, சென்னைக்காரர்கள் பலருக்குச் சொந்தக்காரர்கள் வந்து குளி, சமை என்று வேலை ஏவினார்களாம். படித்துவிட்டு, நம் ஆட்கள் செத்த பிறகும் விடமாட்டார்களா என்று நினைத்தேன். ஆனால் குரல் நல்லதாகப் பேசுகிறது என்று அம்மாவுக்கு மருந்தை நிறுத்தவில்லை. ஒருதடவை அப்பாயி 'கிணத்தடிக்கு வா' என்றார். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது, அம்மா பிறந்த தோட்டத்தில்தான் இருந்தது. அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம்.

பழைய மிஸ்ஸி:

முப்பது வருஷத்துக்குமேல் நர்ஸாக வார்டில் நின்றவள். ஜெலுத்தோங் அக்காவிடம் கேட்கிறேன், தம்பி சிகரெட் பிடிப்பாரா? சிகரெட் புகை க்ளோசபினை உடம்பிலிருந்து சீக்கிரம் கரைத்துவிடும். பிடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொள்ளும், ஆள் மயங்கி மயங்கி விழுவார், வலிப்புகூட வரலாம். நல்ல காரியம்தானே என்று சொல்லாமல் நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தட்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும். நிக்கோடின் ஒட்டுப் பட்டையால் இந்தப் பிரச்சினை இல்லை, புகைதான் காரணம்.

அப்புறம் க்ளோசபினால் வருகிற மலச்சிக்கல். எல்லாரும் ரத்தத்தைப் பற்றியே பயப்படுகிறீர்கள், குடல் அடைத்து உயிர் போனவர்கள் உண்டு. மூன்று நாள் போகவில்லை என்றால் பப்பாளிப் பழத்தோடு நிற்காமல் சொல்லுங்கள். காய்ச்சல், தொண்டை வலி என்றால் பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். க்ளோசபினை 1975-இல் பின்லாந்தில் சிலர் வெள்ளை அணு இறங்கி இறந்தபோது பல நாடுகளில் ஓரம்கட்டினார்கள். 1988-இல் அமெரிக்காவில், வேறு மருந்துக்குக் கேட்காதவர்களுக்கே கொடுத்துப் பார்த்ததில் ஆறு வாரத்தில் நூற்றுக்கு 30 பேர் தேறினார்கள், குளோர்புரோமசின் கொடுத்த பக்கம் 4 பேர். அதனால்தான் இத்தனை ரத்தப் பரிசோதனையோடு திரும்பி வந்தது. மீதி 70 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். சிலருக்கு ஆறு மாதம் பிடிக்கும், சிலருக்குக் கூட வேறு மருந்தோ மின்சிகிச்சையோ சேர்ப்பார்கள், சிலருக்கு எதுவுமே பெரிதாகக் கேட்காது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மின்சிகிச்சை என்றதும் சினிமாவை நினைக்காதீர்கள், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள்.

ஈப்போ சாலை தம்பி:

அக்கா, உங்கள் தம்பி இப்போது வேலைக்குப் போகிறாரா? என் அண்ணனுக்கு ஓகேயூ அட்டை, அதுதான் மாற்றுத்திறனாளி அட்டை, எடுக்கலாம் என்றால் அம்மா விட மாட்டேன் என்கிறார், யார் பெண் கொடுப்பார்கள் என்று.

ஜெலுத்தோங் அக்கா:

மிஸ்ஸி, நல்லவேளை கேட்டீர்கள். பிடிப்பான், ஒரு நாளைக்கு ஆறேழு. அடுத்த ரத்தத் தேதிக்கு முதல் கேள்வி அதுதான்.

ஈப்போ சாலை தம்பி, எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். இரண்டு வருஷம் சிகிச்சையில் இருந்த பிறகு எடுத்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் மிச்சம், பெண் கொடுக்கிறவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டா ஓடப்போகிறார்கள், அதற்கு முன்பே அத்தை சொல்லியிருப்பார்.

காலையில் நாலு மணி நேரம் மாமாவின் பூக்கடையில் மாலை கட்டுகிறான். வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் கொஞ்சம் தடுமாறுவான், மாமா பின்னால் உட்காரவைத்து மல்லிகையை மட்டும் கொடுத்துவிடுவார். 555 இப்போது ஐந்தாவது புத்தகம். நேற்று அவனிடம் கேட்டுவிட்டு ஒரு பக்கத்தைப் பார்த்தேன்:

'செவ்வாய், 7.40. அந்த ஆள்: ரோஜா வாடிப்போச்சு, உனக்கு ஒரு வேலையும் தெரியாது. நான்: ரோஜா நேத்து வந்தது.'