மருந்து அளவை மிஸ்ஸி மாற்றினால் என்ன?

தோட்டத்து மகள்:
மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம், அம்மாவுக்கு இனிப்பு நீரும் பிரஷரும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவைக் கூட்டிப்போனால் என் ஒரு நாள் கூலி போச்சு, குறைந்தபட்சச் சம்பளக் கணக்கிலேயே 65 வெள்ளிக்கு மேல், அப்புறம் கார் காசு வேறு. காலைப் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது எல்லாம் மிஸ்ஸிதான், கிளினிக் நர்ஸ். "சுகர் ஏறியிருக்கு, மாத்திரை கூட்டணும்" என்று சொல்வதும் அவர்தான். எழுத மட்டும் டாக்டருக்காக மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்களே, அதாவது மேற்படிப்புப் படித்த நர்ஸ்களே, மருந்து எழுதித் தருகிறார்களாமே, இங்கே ஏன் முடியாது?

பழைய டிரெசர்:
தங்கச்சி, சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எழுத்து இருக்கும். 'சி' என்றால் எச்.ஏ. (ஹாஸ்பிடல் அசிஸ்டன்ட், அந்தக் காலத்து டிரெசர்) மாதிரி ஆட்களே தரலாம், 'பி' என்றால் டாக்டர்தான். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 'பி'. மிஸ்ஸிக்குத் தெரியாமல் இல்லை, கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். தோட்டத்து எச்.ஏ.மாருக்கு 1965-லேயே தனிப் பதிவுச் சட்டம் வந்தது, ஏனென்றால் டாக்டர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார், மற்ற நாளெல்லாம் காய்ச்சலோ கத்திவெட்டோ எங்கள் தலையில்தான். அதே 1965-ல்தான் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் தொடங்கியது. அங்கேயும் டாக்டர் பஞ்சம்தான் காரணம். இன்று அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே அவர்கள் எழுதலாம். நாம் எழுத்துப் பட்டியலோடு நின்றுவிட்டோம்.

நர்ஸைப் பெற்றவன்:
கொஞ்சம் பொறுங்க. அங்கே அவர்கள் நர்ஸ் வேலைக்கு மேல் முதுகலைப் பட்டம் படித்தவர்கள். இங்கே பெரும்பாலும் டிப்ளோமா, அதற்கு மேல் போஸ்ட் பேசிக் என்கிற சிறப்புப் பயிற்சி. கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மெட்ஃபார்மினைக் கூட்டிவிட்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? என் மகளா? மெடிகேர் என்கிற அவர்கள் அரசாங்கக் காப்புறுதியே நர்ஸ் பிராக்டிஷனருக்கு டாக்டர் கட்டணத்தில் 85 விழுக்காடுதான் தருகிறது. செலவு குறையும் என்கிறார்கள், சரி, யார் சம்பளத்தில் குறையும்?

செம்பனை ராணி:
அண்ணே, சம்பளம் நியாயமான கேள்விதான். ஆனால் புது மருந்து தொடங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. இந்த அளவிலிருந்து இந்த அளவு வரை, கிட்னி ரிசல்ட் இதற்குள் இருந்தால் மட்டும் என்று டாக்டரே எழுதி வைக்கட்டும், அதற்குள் மிஸ்ஸி கூட்டிக் குறைக்கட்டும். நியூயார்க்கில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து டாக்டரிடமும் நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பிப் பார்த்தார்கள், ஆறு மாதம் கழித்து உடல்நிலையில் வித்தியாசம் இல்லை என்று 2000-ல் ஆய்வு வந்தது. அளவு கூட்டாமல் இழுத்தடித்துக் கிட்னி போனால் வாரம் மூன்று தடவை ரத்தம் கழுவ வேண்டும். அந்தக் கூலிக் கணக்கை யார் போடுவது?

தங்கச்சி, இப்போதைக்கு மருந்தகத்தில் 'ஸ்பப்' (SPUB) என்கிற திட்டத்தைக் கேளுங்கள். மாதாமாதம் மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் வாங்கலாம், அம்மா வர வேண்டியதில்லை.

தோட்டத்து மகள்:
நன்றி அக்கா, நாளைக்கே கேட்கிறேன். ஆனால் அது எழுதின மருந்தை வாங்கத்தானே? அளவு மாற்ற மறுபடியும் டாக்டருக்காக உட்காரத்தானே வேண்டும்?