ஸ்பானியப் பேர், ஸ்பானியச் சாமி, ஆனால் ஸ்பானிஷ் மட்டும் தெரியாது: பிலிப்பைன்ஸில் இது எப்படி?

உப்புக்காற்று கேட்டது:

வணக்கம். நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒருத்தர் சாந்தோஸ், ஒருத்தர் ரெயெஸ், ஒருத்தர் டெ லா குரூஸ். பேரை மட்டும் கேட்டால் மாட்ரிட்டிலிருந்து நேராக வந்து ஏறியவர்கள் என்று நினைப்பீர்கள். மணி கேட்டால் "அலாஸ் த்ரெஸ்" என்கிறார்கள். மேசை அவர்களுக்கு மேசா, கரண்டி குச்சாரா, ஷூ சப்பாத்தோஸ். கேபினுக்குக் கேபின் குழந்தை ஏசு படம்.

போன தடவை ஒரு ஸ்பானியத் துறைமுகத்தில் கட்டியபோது, ஏறி வந்த அதிகாரி சாந்தோஸின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு உற்சாகமாக ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினார். சாந்தோஸ் என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழிக்கிறார், நான் அவரைப் பார்த்து முழிக்கிறேன்.

1565லிருந்து 1898 வரை, 333 வருஷம் ஆண்டிருக்கிறார்கள். மெக்சிகோ, பெரு எல்லாம் இன்றைக்கும் ஸ்பானிஷ்தான் பேசுகின்றன. இங்கே மட்டும் சாமியும் பேரும் ஒட்டிக்கொண்டு மொழி உதிர்ந்துபோனது ஏன்? அந்தப் பேர்களெல்லாம் ரத்தக் கலப்பால் வந்தவையா? நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மணிலாவில்_ஏழு_வருஷம் பதில்:

ஏழு வருஷம் அங்கே குடும்பத்தோடு இருந்தவன் என்ற முறையில் பாதிக் கேள்விக்காவது பதில் சொல்கிறேன்.

மெக்சிகோவுக்கு ஸ்பானியர்கள் குடியேறப் போனார்கள். பிலிப்பைன்ஸுக்கு அந்த மாதிரி யாரும் மூட்டை கட்டவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்டி, மெக்சிகோவைத் தரைவழியாகக் கடந்து, அக்காபுல்கோவில் மறுபடி கப்பலேறி, பசிபிக்கையும் தாண்ட வேண்டும், யார் வருவார்கள்? வந்த கொஞ்சப் பேரும் மணிலாவில் இன்ட்ராமுரோஸ் கோட்டைச் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு கப்பல் வியாபாரத்தைப் பார்த்தார்கள். எத்தனையோ கிராமங்களில் சனங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஸ்பானியர் ஊர்ப் பாதிரியார்தான்.

அந்தப் பாதிரியார், ஊருக்கே ஸ்பானிஷ் சொல்லித்தருவதைவிட தான் ஒருத்தர் ஊர் மொழியான தகாலோகோ செபுவானோவோ இலோகானோவோ கற்றுக்கொள்வது சுலபம் என்று முடிவு செய்தார். நம் வீரமாமுனிவர் தமிழ் கற்ற கதைதான், ஆனால் தீவு தீவாக, நூற்றுக்கணக்கான பாதிரியார்கள். 1593ல் மணிலாவில் அச்சான ‘தோக்த்ரினா கிறிஸ்தியானா’ என்ற ஜெபப் புத்தகத்தில் தகாலோக் இரண்டு தடவை வருகிறது, ஒரு தடவை ரோமன் எழுத்தில், ஒரு தடவை அவர்களுடைய பழைய பைபாயின் எழுத்தில். ஜெபம், பிரசங்கம், பாவசங்கீர்த்தனம் எல்லாமே ஊர் மொழியில் நடந்துவிட்டால் ஸ்பானிஷ் யாருக்கு வேண்டும்? இன்னொன்றும் உண்டு. மேலே கவர்னருக்கும் கீழே சனத்துக்கும் நடுவில் பேசத் தெரிந்த ஒரே ஆள் பாதிரியார் என்றால், அந்த இடத்தை அவர் ஏன் விட்டுத்தருவார்? ஊருக்கு ஊர் ஆரம்பப் பள்ளி, அதில் ஸ்பானிஷ் பாடம் என்று உத்தரவு வந்ததே 1863ல்தான். அடுத்த 35 வருஷத்தில் ஆட்சியே போய்விட்டது.

சாமி ஒட்டிக்கொண்ட கதை தனி. 1521ல் ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லன் செபு தீவில் இறங்கி, ராஜா ஹுமாபோன் குடும்பத்துக்கு ஞானஸ்நானம் நடந்தபோது ராணிக்கு ஒரு குழந்தை ஏசு சிலையைக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே பக்கத்து மக்தான் தீவில் லாபுலாபுவின் ஆட்கள் மகெல்லனைக் கொன்றுவிட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் கப்பலைக் கிளப்பிக்கொண்டு ஓடினார்கள். 44 வருஷம் கழித்து ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி வந்து, சண்டையில் ஊர் எரிந்து அடங்கியபோது, எரியாமல் நின்ற ஒரு வீட்டில் அந்தச் சிலை பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பாதிரியார் ஒருத்தர்கூட இல்லாத அந்த 44 வருஷமும் யாரோ அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்! உங்கள் கேபின்களில் இருக்கும் சாந்தோ நின்யோ இதுதான். ஜனவரி மூன்றாம் ஞாயிறு செபுவில் சினுலோக் திருவிழா நடக்கும், மேளத்துக்கு முன்னே இரண்டு எட்டு, பின்னே ஓர் எட்டு வைத்து ஆடிக்கொண்டே "பிட் சென்யோர்!" என்று கத்துவார்கள். ஒரு தடவை பார்த்தால் நம் ஊர்த் திருவிழாவில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

ஏட்டுச்சுவடி பதில்:

பேர் விஷயத்துக்கு நான் வருகிறேன். ரத்தம் எல்லாம் இல்லை. அது ஒரு பட்டியல்!

அதற்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் இஷ்டத்துக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு பேர், தம்பி வேறு பேர், ஊரில் பாதிப் பேர் டெ லா குரூஸ் (சிலுவை), மீதிப் பேர் டெ லோஸ் சாந்தோஸ் (புனிதர்கள்). யாரிடம் வரி வாங்கினோம், யாரிடம் வாங்கவில்லை என்று கணக்கே நிற்கவில்லை. அதனால் 1849 நவம்பர் 21ல் கவர்னர் நர்சிசோ கிளாவெரியா ஓர் ஆணை போட்டார். சுமார் 60,000 குடும்பப் பேர்களை அகர வரிசையில் ஒரு புத்தகமாக அச்சடித்து, மாகாணத்துக்கு மாகாணம் பக்கங்களைப் பிரித்து அனுப்பினார்கள், அங்கிருந்து ஊர்களுக்கு. ஒரு பேரை நாலு தலைமுறையாக வைத்திருக்கிறோம் என்று காட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் வந்த பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். புத்தகத்தில் உள்ளூர்ச் சொற்களும் உண்டு, அதனால் எல்லாமே ஸ்பானியப் பேர் என்றும் சொல்ல முடியாது.

பக்கம் பிரித்து அனுப்பியதன் விளைவை இன்றும் பார்க்கலாம். அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்று ஓர் ஊர், அங்கே எக்கச்சக்கமான பேருடைய குடும்பப் பேர் ‘ர’வில் தொடங்கும். ரேஷன் கடையில் அரிசி அளந்த மாதிரி எழுத்தை அளந்திருக்கிறார்கள்.

இதே கிளாவெரியா இன்னொரு வேலையும் செய்தார், கப்பல்காரர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். மெக்சிகோ வழியாகவே வந்து பழகியதால் பிலிப்பைன்ஸ் நாட்காட்டி பக்கத்து ஆசிய ஊர்களைவிட ஒரு நாள் பின்தங்கி இருந்தது. அதைச் சரிக்கட்ட 1844 டிசம்பர் 31ஐ அப்படியே தூக்கிவிட்டார். 30ஆம் தேதி தூங்கி எழுந்தால் புத்தாண்டு.

வாயாடி_கடற்கரை பதில்:

எல்லாவற்றையும் ஸ்பெயின் கணக்கில் எழுதாதீர்கள், படிக்கும்போதே எரிச்சலாக இருக்கிறது.

அடோபோ பேர்தான் ஸ்பானியப் பேர். இறைச்சியைக் காடியில் போட்டுச் சமைப்பது வெயில் நாட்டில் கெடாமல் இருக்க பிலிப்பினோக்களே கண்டுபிடித்த வழி. 1613ல் வந்த தகாலோக் அகராதியில் ஒரு பாதிரியார் இதை "உள்ளூர்க்காரர்களின் அடோபோ" என்று குறித்து வைத்தார். பார்த்த சமையலுக்குத் தன் ஊர்ப் பேரை ஒட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அப்புறம் மெக்சிகோ. 1821 வரை பிலிப்பைன்ஸுக்கு மேலதிகாரம் மெக்சிகோவில்தான் இருந்தது. 1565லிருந்து 1815 வரை, 250 வருஷம், மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே பெரிய கலியோன் கப்பல்கள் ஓடின. சீனப் பட்டு, நம் பக்கத்துத் துணிகள் அங்கே போக, வெள்ளிக்காசு இங்கே வந்தது. தக்காளிக்கு அவர்கள் சொல்லும் காமாட்டிஸ், சௌசௌவுக்கு சயோத்தே, சந்தைக்கு தியாங்கே, இவையெல்லாம் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்லில் பிறந்த சொற்கள். சாக்லேட் கஞ்சி மாதிரி காலையில் சாப்பிடும் சம்போராடோவும் அங்கிருந்து வந்ததே. மணிலா கியாப்போ கோயிலில் இருக்கும் கறுப்பு நசரேயன் சிலையும் மெக்சிகோவிலிருந்து கப்பலேறியதுதான், ஜனவரி 9ல் அதன் ஊர்வலத்தில் வெறுங்காலோடு லட்சக்கணக்கில் கூடுவார்கள்.

திரும்பிப் போனதும் உண்டு. பிலிப்பினோ மாலுமிகள் மெக்சிகோவின் கொலிமா பக்கம் இறங்கித் தென்னங்கள் இறக்கும் வித்தையைப் பரப்பினார்கள். கள்ளுக்கு தகாலோகில் ‘தூபா’, அங்கேயும் இன்றுவரை ‘தூபா’தான். உங்கள் கப்பல் ஆட்களுக்கு இந்தக் கடலோடித் தொழில் நேற்று வந்ததில்லை ஐயா.

டிசம்பர் 16லிருந்து 24 வரை ஒன்பது நாள் விடியலுக்கு முன் நடக்கும் சிம்பாங் காபி பூசை முடிந்து வெளியே வந்தால், மூங்கில் குழாயில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். பேர் என்ன தெரியுமா? புத்தோ பும்போங். முதல் சொல்லையும் குழாயையும் பார்த்து நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர் காதில் ‘புத்தோ’ ஒரு கெட்ட வார்த்தை, 333 வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே பூசை வைத்திருக்கிறார்கள்.

தெற்குத்தீவு பதில்:

ஒரு சின்னத் திருத்தம். 333 வருஷம் "ஆண்டார்கள்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வடக்கே கோர்திலேரா மலைக்காரர்களும் தெற்கே மிந்தனாவோ, சூலு முஸ்லிம்களும் முழுசாக அடங்கியதே இல்லை. ஸ்பெயினில் 1492 வரை யாரோடு சண்டை போட்டார்களோ அந்த மூர் முஸ்லிம்களின் நினைப்பிலேயே இங்கே பார்த்த முஸ்லிம்களையும் ‘மோரோ’ என்று கூப்பிட்டார்கள். வசைச் சொல்லாக வந்ததை அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள், இன்றைய தன்னாட்சிப் பகுதியின் பேரே பங்சமோரோ.

அதே மிந்தனாவோவின் சம்போவாங்கா நகரில்தான் சவகானோ பேசுகிறார்கள். சொற்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ், வாக்கியம் கட்டும் விதம் உள்ளூர்ப் பாணி. கோட்டைக் காவலுக்குக் கூட்டிவந்த பல ஊர்ச் சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிப் பேசி உண்டானது. ஆக ஸ்பானிஷ் அடியோடு ஒட்டவில்லை என்றும் சொல்லிவிட முடியாது.

உப்புக்காற்று:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம் பாக்கி. படித்த பெரிய குடும்பங்கள் ஸ்பானிஷ் பேசியிருக்குமே, அதுகூடவா மிஞ்சவில்லை?

மணிலாவில்_ஏழு_வருஷம்:

பேசினார்கள், எழுதவும் செய்தார்கள். ஹோசே ரிசால் 1887லும் 1891லும் ஸ்பானிய ஆட்சியை உரித்துப்போட்டு எழுதிய இரண்டு நாவல்களும் ஸ்பானிஷில்தான். அதற்காகவே 1896 டிசம்பர் 30ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. இன்று பிள்ளைகள் அவற்றைச் சட்டப்படி படித்தே ஆக வேண்டும், ஆனால் மொழிபெயர்ப்பில். தேசிய கீதத்தின் வரிகளும் முதலில் ஸ்பானிஷில் எழுதியவையே.

1898ல் ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு நாட்டை அமெரிக்காவிடம் விட்டுவிட்டுப் போனது. 1901ல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் சுமார் 500 ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள், இலவசப் பள்ளி, ஆங்கிலப் பாடம். ஸ்பெயின் 300 வருஷம் செய்யாததை இவர்கள் ஒரு தலைமுறையில் செய்தார்கள். வேலை வேண்டுமென்றால் ஆங்கிலம் என்றான பிறகு, பெரிய வீட்டுப் பிள்ளைகளே தாத்தாவின் மொழியை விட்டுவிட்டார்கள். 1987 அரசியலமைப்பில் அது வெறும் விருப்ப மொழி.

சொற்கள் மட்டும் தங்கின, அதுவும் அவர்கள் இஷ்டத்துக்கு. தகாலோகில் ‘ஃப’ ஒலி இல்லை, அதனால் விளக்கைக் குறிக்கும் ‘ஃபரோல்’ கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கூடான ‘பரோல்’ ஆயிற்று. ‘கோமோ எஸ்தா’ ஒட்டிப்போய் ‘குமுஸ்தா’. பெரியவர் கையை எடுத்து நெற்றியில் வைக்கும் ‘மானோ போ’வில் கை என்ற சொல் ஸ்பானிஷ், மரியாதைக்குச் சேர்க்கும் ‘போ’ அவர்களுடையது. எனக்குப் பிடித்தது ‘சிகுரோ’. ஸ்பானிஷில் ‘நிச்சயமாக’ என்று பொருள். தகாலோகில் ‘இருக்கலாம்’. ஆட்சியாளர்கள் "நிச்சயம், நிச்சயம்" என்று சொல்லியதைக் கேட்டுக் கேட்டு சனங்கள் இந்த முடிவுக்கு வந்திருப்பார்கள் என்பது என் சொந்தக் கணிப்பு, ஆதாரம் கேட்காதீர்கள்.

உப்புக்காற்று:

கூச்சத்தை விட்டுவிட்டு எங்கள் போசனிடம் (டெக் ஆட்களின் தலைவர்) கேட்டே விட்டேன். மனுஷர் அல்பாய்க்காரர்! ஓவாஸ் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா வழியும் ‘ர’, அம்மா வழியும் ‘ர’, பொண்டாட்டியும் அதே ஊர். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது டீச்சர் வேறு எழுத்துக்குப் போகவே நேரமாகுமாம்.

நாளைக்கு அடோபோ உண்டா என்று குக்கிடம் கேட்டேன். "சிகுரோ" என்கிறார்.