தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவர் யாரையாவது தெரியுமா?

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. நாம் சொல்வது அவனுக்குப் புரிகிறது. "செருப்பை எடுத்து வா" என்றால் ஓடிப்போய் எடுத்து வருவான். ஆனால் தனக்கு வேண்டியதைச் சொல்ல வார்த்தை வருவதில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். அப்போதும் நமக்குப் புரியாவிட்டால் தரையில் விழுந்து அழுவான். அந்த அழுகையைத்தான் தாங்க முடியவில்லை.

பாலிகிளினிக் மூலம் கேகே மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, பேச்சிலும் மொழியிலும்தான் சிரமம் என்றார்கள். வளர்ச்சியில் சிரமம் உள்ள சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் எய்பிக் திட்டத்தில் இடத்துக்காகக் காத்திருக்கிறோம்.

இதற்கிடையில் பாலர் பள்ளியில், வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். பேச்சு சிகிச்சையாளரோ, இரண்டு மொழி கேட்பதால் இந்தக் கோளாறு வராது, உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பள்ளிவிட்டு வந்தால் அவன் என் மாமியாரோடுதான் இருக்கிறான். அவருக்கு ஆங்கிலம் வராது. தமிழை நிறுத்தினால் வீட்டில் அவனோடு அதிகம் பேசுகிறவரின் வாயைத்தானே அடைக்கிறோம்?

வடக்குப் பக்கம் தமிழ் தெரிந்த பேச்சு சிகிச்சையாளர் இருந்தால் சொல்லுங்கள். சிடிஏ எனும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் உள்ள பணத்தை ஏற்கும் நிலையம் என்றால் இன்னும் நல்லது. அப்புறம், வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பிள்ளையைப் பழக்கும் அட்டைகளைத் தமிழில் யாராவது செய்து வைத்திருக்கிறீர்களா? இதே நிலையில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பெற்றோர், தமிழ்ப் பாடத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் எழுதுங்கள்.