வளையங்களுக்குள் செதில் உள்ள இந்த உயிரி எந்த விலங்கு வகுப்பு?

போன வாரம் நல்ல மழைக்குப் பிறகு, கூடலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் மண் கொத்தும்போது இது வெட்டுப்பட்டு இறந்துவிட்டது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். கருஞ்சாம்பல் உடல், இரு பக்கமும் மஞ்சள் பட்டை, தலை முதல் கடைசி வரை நெருக்கமான வளையங்கள். கால் கிடையாது.

முதுகெலும்பும் பல்லும் தெரிகின்றன, அதனால் மண்புழு இல்லை. உயிரியல் ஆசிரியர் ஒருவர் புழுப்பாம்பு என்றார். ஆனால் புழுப்பாம்புக்கு உடல் முழுக்கப் பளபளவென்று செதில் மூடியிருக்கும். இதன் தோலோ ஈரமாக வழவழவென்று இருக்கிறது. நாக்கும் பிளவுபடவில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சின்னதாக ஓர் உணர்கொம்பு வேறு! இதை வைத்துத்தான் சிசிலியன், அதாவது தவளைக்குச் சொந்தமான காலில்லாத இருவாழ்வி என்று நினைத்தேன். கைபேசிச் செயலியில் போட்டால் ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு பதில் வருகிறது.

சிக்கல் இதுதான்: லென்ஸில் பார்த்தால் வளைய மடிப்புகளுக்குள் பொடிப்பொடியாகச் செதில் இருக்கிறது. இருவாழ்விகளுக்குச் செதில் இல்லை என்றுதான் பள்ளியில் படித்தோம். உடலை ஸ்பிரிட்டில் வைத்திருக்கிறேன், வேண்டிய கோணத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.

சிசிலியன்களில் தோல் மடிப்புக்குள் செதில் உள்ள இனம் உண்டா, இல்லை இது ஊர்வனவா?