அவசரக் கதவு மூடியிருந்தும் பஸ்ஸர் ஒலிக்கிறது: கோளாறு சுவிட்சிலா, வயரிலா, கதவிலா?

பள்ளி வாகனப் பொறுப்பாளர், ஈரோடு மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஒரு தனியார் பள்ளியின் ஆறு பேருந்துகளுக்கு நான் பொறுப்பாளராக இருக்கிறேன். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் ஓடிய 24 வோல்ட் பேருந்து ஒன்றில், பின்புற அவசரக் கதவுக்கான பஸ்ஸர் இரண்டு மாதங்களாகத் தொல்லை கொடுக்கிறது. வண்டி நிற்கும்போது ஒலி எழுவதில்லை. வேகத்தடையிலோ குழியிலோ ஏறி இறங்கினால் விட்டுவிட்டு ஒலிக்கிறது. கிளீனர் பின்னால் சென்று கதவைப் பிடித்து உள்பக்கமாக இழுத்தால் உடனே நின்றுவிடுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும், வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சாவியைப் போட்டவுடன் ஒலிக்கத் தொடங்கி, வெயில் ஏறிய பிறகு தானாக அடங்கிவிடுகிறது.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் பஸ்ஸரை இரண்டு முறையும் கதவுச் சுவிட்சை ஒரு முறையும் மாற்றிவிட்டார். மாற்றிய பஸ்ஸர்களில் ஒன்று இரண்டே நாளில் எரிந்துபோனது. சென்ற வாரம் டாஷ்போர்டைத் திறந்து பார்த்தபோது, ஓட்டுநர் பஸ்ஸருக்குப் போகும் வயரைப் பிடுங்கி டேப் சுற்றி வைத்திருந்தார். கேட்டதற்கு, பிள்ளைகளின் இரைச்சலோடு இதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட முடியவில்லை என்றார். அவர்மீது கோபம் வந்தாலும், அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. வயரை மீண்டும் இணைத்துவிட்டேன்.

ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன்பான வாகன ஆய்வு நெருங்குகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதையும், ஓட்டுநர் கேட்பதுபோல் பஸ்ஸருக்குத் தனியாக ஓர் ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்துக் கொடுக்கலாமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரூர் வயர்மேன்

வணக்கம் ஐயா. கரூரில் பாடி கட்டும் பட்டறைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வயரிங் வேலை செய்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இனி ஒரு பொருளும் வாங்காதீர்கள். பஸ்ஸர் ஒலிக்கிறது என்றால் பஸ்ஸர் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். அதை இரண்டு முறை மாற்றியது வீண்செலவு. இரண்டு நாளில் எரிந்தது 12 வோல்ட் பஸ்ஸராக இருந்திருக்கும். உங்கள் வண்டியில் இன்ஜின் ஓடும்போது 27, 28 வோல்ட் வரை வரும் என்பதால், 24 வோல்ட் என்றோ 12-24 என்றோ குறிப்பிட்டதைத்தான் போட வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளில் இந்தச் சுற்று மிக எளிமையானது. சாவி வழியாக வரும் மின்சாரம் பியூஸைத் தாண்டிப் பஸ்ஸரின் ஒரு முனைக்கு வரும். மறுமுனையிலிருந்து புறப்படும் ஒற்றை வயர் கூரைத் தகட்டுக்குள்ளாகப் பின்பக்கம் வரை சென்று, கதவுச் சட்டத்தில் உள்ள பிளஞ்சர் சுவிட்சில் (அழுத்தினால் உள்ளே போகும் சிறு தண்டு கொண்ட சுவிட்ச்) முடியும். கதவு மூடி பிளஞ்சரை அழுத்தியிருக்கும்வரை சுவிட்சின் இணைப்பு விலகியிருக்கும். கதவு நகர்ந்து பிளஞ்சர் வெளியே வந்தால், வயர் பாடியோடு சேர்ந்து எர்த் ஆகி, அதாவது சுற்று முழுமையடைந்து, ஒலி எழும். ஆகவே தேவையில்லாமல் ஒலிப்பதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும்: பிளஞ்சர் முழுமையாக அழுந்தவில்லை, அல்லது அந்த நீளமான வயர் வழியில் எங்கோ பாடியைத் தொடுகிறது.

இதைப் பிரித்தறிய மீட்டர்கூட வேண்டாம். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், சுவிட்சின் வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிட்டு, வழக்கமாக ஒலி எழும் அதே சாலையில் ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஒலித்தால் கோளாறு வயரில். கூரையிலிருந்து பின்தூணுக்கு இறங்கும் வளைவு, ரப்பர் புஷ் இல்லாத துளைகள், உள்தகட்டில் பிற்பாடு அடித்த திருகுகள் ஆகிய இடங்களில்தான் வயர் உரசி உரிந்திருக்கும். ஒலி அறவே நின்றுவிட்டால் வயரை விட்டுவிட்டுக் கதவைப் பாருங்கள். கிளீனர் கதவை இழுத்ததும் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், என் பந்தயம் கதவின் மீதுதான்.

மழைநாள் ஒலியைப் பற்றி ஒரு கேள்வி. அந்த நாட்களில் பஸ்ஸர் வழக்கமான வேகத்தோடு அலறுகிறதா, அல்லது தொண்டை கட்டியதுபோல் மெலிதாக முனகுகிறதா? இப்போது வரும் சிறிய பஸ்ஸர்களுக்குச் சில மில்லியாம்பியர் மின்சாரமே போதும் என்பதால், நனைந்து பச்சை பூத்த ஒரு கனெக்டர் வழியாகக் கசியும் மின்சாரத்திலேயே அவை முனகத் தொடங்கிவிடும். மெலிந்த ஒலி என்றால் நீர்க்கசிவு. முழு ஒலி என்றால் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

தனி ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை அணைக்கப்பட்டால் அதை மீண்டும் போட யாருக்கும் நினைவிருக்காது.

டெக்சாஸ் பணிமனை

வணக்கம். நான் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பள்ளி மாவட்டத்தின் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிறேன். கரூர் நண்பர் சொன்ன பிரித்தறியும் முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

இங்குள்ள கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரநிலை எண் 217இன்படி, சாவி போட்ட நிலையில் அவசரக் கதவின் திறப்புக் கைப்பிடியமைப்பு மூடிய நிலையிலிருந்து விலகியிருந்தால், ஓட்டுநர் இருக்கையிலும் அந்தக் கதவின் அருகிலும் கேட்கும்படி தொடர்ச்சியான ஒலி எழ வேண்டும். கதவு திறந்த பிறகு அல்ல, கைப்பிடி நகர்ந்த உடனே எழ வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஐ.நா.வின் 107ஆம் எண் பேருந்து ஒழுங்குவிதியும், ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் படாத அவசரக் கதவின் எச்சரிக்கை கதவின் அசைவால் அல்லாமல் அதன் தாழ்ப்பாள் அல்லது கைப்பிடியின் அசைவால் இயங்க வேண்டும் என்கிறது. பிளஞ்சர் சுவிட்ச் கதவு இருக்கும் இடத்தை மட்டுமே அறியும். தாழ் விழுந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கைப்பிடி முழுவதும் திரும்பியிருந்து, ரப்பரின் பிடிப்பில் மட்டும் கதவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது வாய் திறக்காது.

ஆகவே எங்கள் வண்டிகளில் தாழ்ப்பாளின் அச்சோடு சேர்ந்து திரும்பும் ஒரு கேமின் (முட்டுள்ள சிறு சக்கரத்தின்) மேல் மைக்ரோ சுவிட்ச் அமர்ந்திருக்கும். அதற்கும் அதற்கே உரிய நோய்கள் உண்டு. கேமின் திருகு தளர்ந்து நகர்ந்துவிடும். சுவிட்சின் மெல்லிய நெம்புத்தகடு வளைந்துவிடும். சுவிட்ச் கதவிலேயே இருப்பதால் அதன் வயர் கீல் அருகே மடங்கி மடங்கி, மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடும். இந்தக் கடைசிக் கோளாறில் கண்ணை நம்பக் கூடாது. கீலருகே வயரை இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தால், இழை அறுந்த இடத்தில் ரப்பர்போல் நீளும். அவசர ஜன்னல்களும் உள்ள வண்டியில் எல்லாச் சுவிட்சுகளும் ஒரே பஸ்ஸருக்கு இணையாகச் சேர்க்கப்பட்டிருந்தால், எது ஒலிக்கச் செய்கிறது என்று தெரியாமல் திண்டாட நேரும். அப்போது நடுவில் உள்ள கனெக்டரைக் கழற்றி, கோளாறு முன்பாதியிலா பின்பாதியிலா என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போவதே விரைவான வழி.

எங்கள் ஊரில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அவசர வழி ஏதேனும் ஒன்று சாவியோ தனிக் கருவியோ இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டியிருந்தால், இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே கூடாது என்பதும் அதே தரநிலையின் விதி. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று அழைப்பு வந்து, பேட்டரி, ஸ்டார்ட்டர் எல்லாம் சோதித்துக் களைத்த பிறகு, இரவில் போட்ட பின்கதவுத் தாழை எடுக்க மறந்திருப்பது தெரியவரும். நானே ஒருமுறை ஒரு மணி நேரத்தை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

ஓட்டுநர் வயரைப் பிடுங்கியதைப் பற்றி. 1988 மே 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் கரோல்டன் அருகே, தேவாலயம் ஒன்று பயன்படுத்திவந்த பழைய பள்ளிப் பேருந்தின்மீது எதிர்த்திசையில் வந்த பிக்கப் வண்டி மோதித் தீப்பிடித்ததில் 27 பேர் இறந்தார்கள். முன்வாசல் அடைபட்டுவிட்டதால் பின்கதவு ஒன்றை நோக்கியே எல்லோரும் முண்டியடிக்க வேண்டியிருந்தது. 1992இல் பள்ளிப் பேருந்துகளுக்குக் கூடுதல் அவசர வழிகளைக் கட்டாயமாக்கிய விதித்திருத்தத்தின் பின்னணியில் இந்த விபத்து இருக்கிறது. எங்கள் ஓட்டுநர்களுக்கான உரிமத் தேர்விலேயே, அவசர வழிகள் திறந்து மூடுவதையும் அவற்றின் எச்சரிக்கை ஒலி வேலை செய்வதையும் சோதித்துக் காட்ட வேண்டும்.

பள்ளி வாகனப் பொறுப்பாளர், ஈரோடு மாவட்டம்

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வயரைக் கழற்றிவிட்டு, குழிகள் நிறைந்த சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். பஸ்ஸர் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஆக, கோளாறு கதவுப் பக்கம்தான் என்பது உறுதியாயிற்று. மழைநாள் ஒலி மெலிதான முனகல்தான் என்று கிளீனர் சொல்கிறார். சுவிட்சின் கனெக்டரைப் பிரித்தபோது, நீங்கள் சொன்னதுபோலவே பச்சைப் படிவம் இருந்தது.

ஆனால் புது எலக்ட்ரீஷியன் பிளஞ்சரைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, சுவிட்ச் நன்றாக வேலை செய்கிறது என்கிறார். கதவும் வெளியிலிருந்து பார்க்கச் சரியாகவே மூடியிருக்கிறது. அப்படியானால் எதைச் சரிசெய்வது?

கரூர் வயர்மேன்

கையால் அழுத்துவதும் கதவு அழுத்துவதும் ஒன்றல்ல ஐயா. மழலையர் வகுப்பில் பிள்ளைகள் விளையாடும் களிமண் இருக்கும். அதில் ஒரு சிறு உருண்டையைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் சட்டத்தின்மேல் ஒட்டி, கதவை வழக்கம்போல் மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்து பாருங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி அதுதான். பிளஞ்சர் எந்த உயரத்துக்குக் கீழ் அழுந்தினால் சுவிட்ச் விலகுகிறது என்பதையும் அளந்து ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். கதவை மூடும்போது லாக்கில் 'டக்' ஒலி எத்தனை முறை கேட்கிறது என்றும் கவனியுங்கள். அரைப் பூட்டுக்கு ஒன்று, முழுப் பூட்டுக்கு இன்னொன்று என இரண்டு கேட்க வேண்டும். கதவின் பீடிங் (ஓர ரப்பர்) எப்போது மாற்றப்பட்டது?

டெக்சாஸ் நண்பர் சொன்ன தாழ்ப்பாள் சுவிட்சை நான் மறுக்கவில்லை. இருக்கும் பிளஞ்சரை எடுக்காமல், நீர்புகாத மைக்ரோ சுவிட்ச் ஒன்றைக் கைப்பிடி அச்சருகே வைத்து இரண்டையும் இணையாகச் சேர்த்துவிட்டால், கதவு விலகினாலும் கைப்பிடி திரும்பினாலும் ஒலிக்கும். கதவுக்குச் செல்லும் வயருக்கு மட்டும் வளையத்தக்க ஃபிளெக்சிபிள் குழாய் போட்டு, கீலருகே சற்றுத் தளர்வாக விடுங்கள்.

பதினெட்டு வருட ஸ்டியரிங்

ஓட்டுநர் தரப்பிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வயரைப் பிடுங்கியது தவறு, ஐயமில்லை. ஆனால் பஸ்ஸர் கோளாறு என்று அவர் முன்பு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதையும் பொறுப்பாளர் ஐயா யோசிக்க வேண்டும். நான் ஓட்டிய வண்டி ஒன்றில், கதவு ஆடும் சத்தம் வராமல் இருக்க, எனக்கு முன்பு ஓட்டியவர் கைப்பிடியை நைலான் கயிற்றால் கம்பியோடு கட்டியிருந்தார். அந்தக் கயிற்றோடு ஒரு வருடம் பிள்ளைகள் பயணம் செய்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் பீடிங் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, பெரியவர்களே தோள் கொடுத்துத் தள்ள வேண்டிய கதவுகளும் உண்டு. ஆகையால் பஸ்ஸரைச் சோதிக்கும் அதே கையோடு, கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எளிதாகத் திறக்கிறதா என்றும், கடைசி இருக்கையோ பைகள் வைக்கும் கம்பியோ வழியை மறிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பள்ளி வாகனப் பொறுப்பாளர், ஈரோடு மாவட்டம்

ஸ்டியரிங் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். எங்கள் ஓட்டுநர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றின் கீழும் 'பார்க்கப்பட்டது' என்ற என் கையெழுத்து இருக்கிறது.

களிமண் சோதனையில் இடைவெளி 11 மில்லிமீட்டர் வந்தது. பிளஞ்சரோ 12 மில்லிமீட்டருக்குக் கீழ் அழுந்தினால்தான் விலகுகிறது; இடையில் இருப்பது ஒரே மில்லிமீட்டர். 'டக்' ஒலி ஒன்றுதான் கேட்டது. சென்ற ஆண்டு மழைநீர் உள்ளே வருகிறது என்று பீடிங்கை மாற்றியபோது, பழையதைவிடத் தடிமனான பீடிங்கைப் போட்டிருக்கிறார்கள்; அன்றுமுதல் கதவு அரைப் பூட்டில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூடியதுபோல் தெரிந்த கதவு, ஒவ்வொரு குழியிலும் இரண்டு மில்லிமீட்டர் ஆடியிருக்கிறது. பஸ்ஸரில் பொய் எதுவும் இல்லை.

சரியான அளவு பீடிங் போட்டு, தேய்ந்திருந்த லாக் பிடியையும் மாற்றிய பிறகு இரண்டு ஒலிகளும் தெளிவாகக் கேட்கின்றன. புதிய கனெக்டர் போட்டுக் கிரீஸ் தடவி, கைப்பிடியில் மைக்ரோ சுவிட்சும் வைத்தாயிற்று. கதவின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், முனகல் இல்லை. ஆன்-ஆஃப் சுவிட்ச் வேண்டும் என்று ஓட்டுநரும் இப்போது கேட்பதில்லை.

அதே சூட்டில் மற்ற ஐந்து பேருந்துகளையும் சாவி போட்டு, அவசரக் கதவைத் திறந்து பார்த்தேன். மூன்றில் ஒலித்தது. ஒன்றில் பியூஸே இல்லை. இன்னொன்றில் பியூஸ், பஸ்ஸர், சுவிட்ச் எல்லாம் நன்றாக இருந்தும் ஒலி வரவில்லை. சுவிட்சுக்கு வரும் வயர்முனையை நேராகப் பாடியில் தொட்டபோதும் மௌனம்தான். கூரைத் தகட்டைக் கழற்றி அறுந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டு வண்டிகளைப் பற்றி இதுவரை யாரும் புகார் எழுதியதில்லை.