28 வயதில் ஏவிஎன்: இடுப்பு மூட்டைக் காப்பாற்ற முடியுமா?

வேளச்சேரிவாசி:
என் தம்பிக்கு 28 வயது. தோல் நோய்க்காகப் பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டான். இப்போது வலது தொடை இடுக்கில் வலி. பறக்கும் ரயில் நிலையப் படிகளில் கைப்பிடியைப் பற்றியே ஏறுகிறான். சம்மணமிட்டு உட்காருவதை விட்டேவிட்டான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில் ஏவிஎன் (ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துப்போகும் நோய்) என்று வந்தது. ஒரு மருத்துவர் எலும்பில் துளையிடலாம் என்கிறார். இன்னொருவர் மூட்டையே மாற்றிவிடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

குரோம்பேட்டை இயன்முறை மருத்துவர்:
தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு, அதன் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய நாளங்கள் வழியாகவே பெரும்பாலான ரத்தம் போகிறது. அது தடைபட்டால் எலும்பு செத்துவிடும். ஆனால் மேலுள்ள குருத்தெலும்பு மூட்டு நீரிலிருந்து ஊட்டம் பெறுவதால், பந்து சில காலம் உருண்டையாகவே இருக்கும். அந்தக் காலத்திற்குள் செய்தால்தான், எலும்பினுள் அழுத்தத்தைக் குறைக்கத் துளையிடும் சிகிச்சைக்குப் பொருள் உண்டு. எனவே, 'தலை அமுங்கிவிட்டதா, செத்த பகுதி எவ்வளவு பெரியது?' என்று இருவரிடமும் கேளுங்கள். தவளைக்கால் நிலையில் (முழங்காலை மடக்கி வெளிப்புறம் சாய்த்து) எடுக்கும் எக்ஸ்ரேயில் பிறை போன்ற கோடு தெரிந்தால், உள்ளே எலும்பு முறியத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். தோல் மருத்துவரிடம் கேட்டே குறைக்க வேண்டும்.

இரண்டு ஊன்றுகோல்:
எனக்கு இடது பக்கம் துளையிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை உள்ளே செலுத்தினார்கள். தழும்பு ஒரு விரல்கடை அளவுகூட இல்லை. ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றாமல் இருந்ததுதான் பெரும்பாடு. துளையிட்ட எலும்பு அவசரப்பட்டு ஊன்றினால் முறியலாம் என்பதால் அதில் சலுகையே கிடையாது. நான்கு ஆண்டுகளாக அந்த மூட்டு தாங்குகிறது. வலது பக்கத்தை முதுகுவலி என்று நினைத்து எட்டு மாதம் தைலம் தேய்த்தே கெடுத்துக்கொண்டேன். அதை மாற்ற வேண்டியதாயிற்று.

மயிலாப்பூர் வாசகர்:
மூட்டு மாற்று நல்ல சிகிச்சைதான், வயதுதான் இடிக்கிறது. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி 25 ஆண்டுகள் நீடிப்பவை நூற்றுக்கு ஏறத்தாழ 58. உங்கள் தம்பிக்கு அப்போது 53 வயதுதான் ஆகியிருக்கும். செத்த பகுதி மீது எடை விழாதபடி தலையையே சுழற்றி வைக்கும் சுகியோகா முறை ஜப்பானில் 1970களிலிருந்து உள்ளது. கடினமானது, கைதேர்ந்தவர்களிடம் மட்டுமே கேட்கலாம்.

வேளச்சேரிவாசி:
நன்றி. நேற்று தவளைக்கால் எக்ஸ்ரே எடுத்தோம். பிறைக் கோடு இல்லை, துளையிட நாள் குறித்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரியில் இடது பக்கத்திலும் சிறு பகுதி பாதிக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்ததை நாங்கள் இன்றுதான் படித்தோம்.